கேட்டதும் கிடைத்ததும்: மேட்டுச்சீமைக் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர் மாரண்டஹள்ளி. சேலத்தில் இருக்கும் உறவினர்கள், "ஹள்ளி என்று முடிகிறதே, உங்களுடையது கன்னட ஊர்தானே?" என்று கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, மாரண்டஹள்ளி

பதில்: கேலி செய்பவர்களைப் பால், பல், புலி, பூ, பத்து ஆகிய ஐந்து சொற்களையும் கன்னடத்தில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹூவு, ஹத்து என்று வரும். பழைய கன்னடத்திலும் இச்சொற்கள் நம்மைப் போலவே பகரத்தில்தான் தொடங்கின. ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பகரம் சிறிது சிறிதாக ஹகரமாக மாறியதைக் கன்னடக் கல்வெட்டுகளிலேயே பார்க்க முடிகிறது. எனவே உங்கள் ஊரின் 'ஹள்ளி', திருச்சிராப்பள்ளியில் உள்ள 'பள்ளி'யின் உடன்பிறப்புத்தான். தருமபுரி மாவட்டத்திலேயே நல்லம்பள்ளியும் இருக்கிறது, மாரண்டஹள்ளியும் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் போச்சம்பள்ளியும் வேப்பனஹள்ளியும் இருக்கின்றன. ஒரே சொல் இரண்டு வாய்களில் புழங்கி இரண்டு வடிவங்களில் நிலைத்துவிட்டது.

ஒகேனக்கல் என்ற பெயரும் இப்படி வந்ததே. கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. அது நம் 'புகை'யின் இனச்சொல். அருவி விழுந்து சிதறும் நீர்த்துளிகள் புகைபோல் எழும் கல் என்பது அதன் பொருள். ஓசூரின் 'ஹொஸ' நம் 'புது'வுக்கு இனமானது. ஆக, ஓசூர் என்றால் புதூர். இந்த ஹகரம் தமிழர் நாவில் வெகுநாள் தங்குவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் "பாலக்கோடு, மாரண்டள்ளி" என்றுதான் கூவுகிறார்; எழுத்தில் இருக்கும் ஹகரம் அவர் குரலில் காணாமற்போய் வெகுகாலம் ஆகிறது.

கன்னடம் இங்கே எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். கன்னட நாட்டு அரச குலத்தவரான கங்கரும் நுளம்பரும் இந்த மேட்டு நிலத்தை ஆண்டிருக்கிறார்கள். போசள அரசன் இராமநாதன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியில் தங்கி ஆண்டிருக்கிறான். பின்னர் மைசூர் ஆட்சியும் நடந்திருக்கிறது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூருக்குப் போனது, சேலம் மாவட்டத்தின் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. இப்போதைய எல்லைக்கோட்டின் வயது அவ்வளவுதான். ஊர்ப்பெயர்கள் அதைவிடப் பல நூறு ஆண்டுகள் மூத்தவை.

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகியும் ரயில் நிலையம் இல்லையே, என்றைக்காவது இருந்ததா?
– வணிகர், கிருஷ்ணகிரி

பதில்: இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் ஒரு குறுகிய பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று வந்து, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டு செல்வதற்கென்று போடப்பட்ட பாதைகள் இவை; வருமானம் இல்லாததால் இரண்டுமே நிலைக்கவில்லை. பிற்காலத்தில் அமைந்த சேலம்–பெங்களூரு பாதை தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போய்விட்டது. சோலையார்பேட்டைப் பாதை குப்பம் வழியாகச் செல்கிறது. இரண்டுக்கும் நடுவே உங்கள் ஊர் விடுபட்டுப் போனது.

கேள்வி: 'பாராமகால்' என்றால் பன்னிரண்டு கோட்டைகள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவை எவை என்று கேட்டால் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு பட்டியல் தருகிறது. எது சரி?
– பள்ளி ஆசிரியை, காரிமங்கலம்

பதில்: பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. 'பாரா' என்றால் பன்னிரண்டு. 'மகால்' என்ற சொல்லுக்கு மாளிகை என்ற பொருள் மட்டுமன்று, பழைய வருவாய்த்துறை வழக்கில் வரி வசூலுக்கான நிலப்பிரிவு என்ற பொருளும் உண்டு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி போன்ற கோட்டைகள் ஏறக்குறைய எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும். மற்றவை ஆள்பவரைப் பொறுத்தும் எழுதியவரைப் பொறுத்தும் மாறியிருக்கின்றன.

பட்டியலைவிட நிலத்தின் படிக்கட்டை மாணவர்களுக்குக் காட்டினால் வரலாறு தானாக விளங்கும். பழைய சேலம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். கணவாய்க்கு மேலே இருப்பது பாலகாட். அது ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்து நிலம். அதற்கு ஒரு படி கீழே, 500 மீட்டரை ஒட்டி, கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அமைந்த பாராமகால். தொப்பூர்க் கணவாயில் இறங்கினால் சேலம் இருக்கும் தலகாட். டிசம்பர் மாதத்தில் ஓசூரில் விடியற்காலைப் பேருந்து ஏறுபவர் சூளகிரி இறக்கம் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றுவதும், தொப்பூர் தாண்டியதும் ஜன்னலைத் திறப்பதும் இந்தப் படிக்கட்டின் வேலைதான்.

மைசூரிலிருந்து படை கீழே இறங்குவதானாலும், கடற்கரைச் சமவெளியிலிருந்து மேலே ஏறுவதானாலும் நடுப்படியாகிய பாராமகாலைக் கடந்தாக வேண்டும். அதனால்தான் இங்கே பாறைக் குன்று கண்ட இடமெல்லாம் கோட்டை இருக்கிறது. 1767-இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரில் கிருஷ்ணகிரியும் காவேரிப்பட்டணமும் போர்க்களமாயின. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார். கீழ்க்கோட்டைக்குள் நுழைந்த படையால் மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை, திரும்பிப் போக வேண்டியதாயிற்று. இன்று அந்தக் குன்றின் செங்குத்தான பாறையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தத் தோல்வியின் காரணம் விளங்கிவிடும். போர்முனையில் கிடைக்காத கோட்டை, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நிலங்களோடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மேல்படியாகிய ஓசூர்ப் பகுதி 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகே வந்தது.

புதிதாகக் கிடைத்த நிலத்தை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரானவர், தருமபுரியில் பல ஆண்டுகள் தங்கினார். நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெறத் தொடங்கியது. நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவுக்காக வரிசையில் நிற்பவர்கள், பாராமகாலின் ஒரு தொடர்ச்சியில்தான் நிற்கிறார்கள் என்று மாணவர்களிடம் சொல்லலாம். சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965 அக்டோபர் 2-இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். தேர்வுக்கு இந்த இரண்டு தேதிகள் போதும்.

கேள்வி: அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது கதையா, வரலாறா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், அரூர்

பதில்: கனிக்குக் கல்வெட்டு இல்லை, கொடுத்தவனுக்கு இருக்கிறது. தென்பெண்ணை கிருஷ்ணகிரி வழியாக ஓடிக் கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது அல்லவா? அந்த ஆறு போகும் திருக்கோவிலூர்ப் பகுதியில், ஜம்பை என்ற ஊரின் குன்றில், 1981-இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு வரிதான்: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது துறவியர் தங்குவதற்கான குகை இருப்பிடம். இதனால் இரண்டு முடிச்சுகள் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சொல்லப்படும் 'சதியபுத்திரர்' யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் நம் அதியர் குடியினர் என்று தெரிந்தது. புறநானூறு பாடும் நெடுமான் அஞ்சி புலவரின் கற்பனையல்லன் என்பதும் உறுதியானது.

கனியைப் பற்றி ஔவையே புறநானூற்றின் 91-ஆம் பாடலில் பாடுகிறார். கிடைத்தற்கரிய அந்தக் கனியின் ஆற்றலை அதியமான் சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டதைக் குறிப்பிட்டு, "சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே" என்கிறார். கனிக்கு உண்மையிலேயே அப்படியோர் ஆற்றல் இருந்ததா என்று ஆராய்வது பாட்டுக்குச் செய்யும் அநியாயம். தருபவன் தன் ஈகையின் அருமையை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதில்தான் ஔவையின் கண் நிற்கிறது.

என்னைப் பொறுத்தவரை 99-ஆம் பாடல் இன்னும் சுவையானது. அதியமானின் முன்னோர் கரும்பை இவ்வுலகுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவை அதில் சொல்கிறார். எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் ஓர் அரச குடியை யானையாலும் வேலாலும் புகழ்கிற காலத்தில், ஒரு பயிரைச் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார் என்பது மேட்டு நிலத்து உழவனுக்குப் பெருமைதானே? பாலக்கோட்டில் இன்று கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரைவைக் காலத்தில் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எரிச்சலடையும்போது எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும், எரிச்சலும் கொஞ்சம் தணியும்.

அதியமானின் தலைநகரான தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, பின்னர் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. அவ்வெற்றியை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். ஆனால் அதியர் பெயர் அதோடு அழியவில்லை. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூரை அடுத்த திருமலையில் தன் முன்னோன் எழினி நிறுவிய இயக்கன், இயக்கி என்னும் சமணக் காவல் தெய்வங்களின் உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு வைத்திருக்கிறான்.

கேள்வி: நம் மாம்பழத்துக்கு 'பெங்களூரா' என்று ஏன் பெயர்? கிருஷ்ணகிரி என்று வைத்திருக்கக் கூடாதா?
– தோப்புக்காரர், பர்கூர்

பதில்: வைத்திருக்கலாம், ஆனால் சந்தையில் பெயர் வைப்பவர் வாங்குபவர்தான், விளைவிப்பவர் அல்லர். வடக்கே இதே காயைத் 'தோத்தாபுரி' என்பார்கள். 'தோத்தா' என்றால் கிளி. நுனி வளைந்த மூக்கைப் பார்த்து நம்மவர்களும் கிளிமூக்கு என்றே சொல்கிறார்கள். கூழ் ஆலைகளுக்கு உகந்தது என்பதால் நம் பக்கம் பெருமளவில் நட்டிருக்கிறோம். சாப்பிட என்னவோ அல்போன்சாவைத்தான் நான் தேடுவேன். தோப்புக்காரர் மன்னிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நிலத்தின் ஓரத்தில் வேடியப்பன் என்று கும்பிடும் கல்லில், வில் பிடித்த ஓர் உருவமும் மேலே ஏதோ எழுத்தும் இருக்கின்றன. கோயில் கட்டி, கல்லுக்கும் வண்ணம் பூசலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். செய்யலாமா?
– விவசாயி, பென்னாகரம் வட்டம்

பதில்: கோயில் கட்டுங்கள், கல்லுக்கு மட்டும் வண்ணம் வேண்டாம். நீங்கள் வணங்குவது பெரும்பாலும் ஒரு நடுகல்லாக இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் இறந்த வீரனுக்கு எடுத்த கற்களை மக்கள் வேடியப்பன் என்றே வழிபட்டு வருகிறார்கள். ஊர் மாடுகளைப் பகைவர் கவர்ந்து சென்றபோது மீட்கப்போய் மடிந்தவனுக்கே இவற்றில் பல எடுக்கப்பட்டன. பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், 'தொறு' என்ற சொல், பட்டவனின் பெயர், கடைசியில் 'கல்' என்று ஓர் ஒழுங்கு இருக்கும். தொறு என்பது மாட்டு மந்தை.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் கல்லுக்கு யாராவது ஒரு பொங்கலுக்கு எனாமல் பூசியிருந்தால் தெரிந்திருக்காது. நான் பார்த்த ஒரு கல்லில் வீரனுக்கு நீல நிறச் சட்டையும் கறுப்பு மீசையும் தீட்டியிருந்தார்கள். பக்தியில் குறையில்லை, ஆனால் எழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தால் வழுவழுவென்று வழுக்கியது.

எண்ணெய்க் காப்பும் வேண்டாம். பிசுக்கில் தூசி படிந்து எழுத்துக் குழிகள் அடைபடும். கம்பித் தூரிகையாலும் சிமெண்டாலும் கல்லைத் தொடாதீர்கள். மாலை, கற்பூரம், பொங்கல் எல்லாம் கல்லுக்கு இரண்டடி முன்னால் ஒரு திண்ணை வைத்து அங்கே நடக்கட்டும். தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பங்காளிகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள், உங்கள் வாதம் எளிதாகிவிடும். தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கும்போது ஒரு புகைப்படமும் அனுப்புங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. காலை ஏழு மணி வாக்கில், வெயில் கல்லின் பக்கவாட்டில் சாய்வாக விழும் நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் நேர் எதிரே நின்று எடுங்கள். ஒவ்வொரு எழுத்தின் குழியிலும் நிழல் விழுந்து தனித்தனியாகத் தெரியும்.