தேளியைத் திரும்ப விடலாமா?

அன்புள்ள அண்ணா,

நான் கோபி பக்கம். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுகிறேன். சாப்பாட்டுக்காக இல்லை, ஒரு வாரத்து வேலையை மறப்பதற்காக. பிடிக்கிற மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். போன வாரம் எங்கள் ஊர்க் குளத்தில் இரண்டரைக் கிலோவுக்கு ஒரு ஆப்பிரிக்கத் தேளி மாட்டியது. வழக்கம்போல விடப் போனேன். கூட வந்தவர்கள் "அதை மட்டும் விடாதே, குளத்தையே காலி பண்ணிரும்" என்று பிடுங்கிக் கரையில் எறிந்துவிட்டார்கள். ரொம்ப நேரம் துடித்துக்கொண்டே கிடந்தது. என் எட்டு வயது மகள் "அப்பா, அந்த மீன் என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று அழுதாள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வேறு, "பசிக்குப் புடிச்சாச் சோத்தோட போச்சு. புடிச்சுப் புடிச்சு உடறதுக்கு அதோட வாயில எதுக்குங் தம்பி முள்ளைக் குத்தோணும்?" என்றார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. விடுவது சரியா, கொல்வது சரியா? இல்லை, தூண்டிலையே விட்டுவிடட்டுமா?

உங்கள் வாசகன்,
கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

பாப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மீன் எந்தத் தப்பும் பண்ணவில்லை. இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் கிடந்து உயிர் பிழைக்கவும், காற்றை நேராகக் குடிக்கவும், ஈரத்தில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகவும், கிடைத்ததையெல்லாம் தின்று வளரவும் அதற்கு ஆப்பிரிக்க ஆறுகள் கற்றுக்கொடுத்தன. 1990களின் தொடக்கத்தில் யாரோ காசுக்காக அதை வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தார்கள். கோழிக்கழிவைப் போட்டாலும் வளர்கிறது என்று பார்த்ததும் ஊருக்கு ஊர் குட்டை வெட்டினார்கள். வளர்க்கக் கூடாது என்று அரசு தடை போட்ட பிறகும் ஒளித்து வளர்ப்பது நிற்கவில்லை, ஒரு பெருமழையில் குட்டை நிரம்பி வழிந்தால் அது வாய்க்காலில் இறங்கிவிடும். உங்கள் குளத்துக்கு அது தானாக வரவில்லை, கொண்டுவந்தவர்கள் நாம்.

அப்படியும் அதைத் திரும்ப விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. இரண்டரைக் கிலோ தேளி ஒன்று குளத்தில் இருந்தால் அந்த உடம்புக்கு ஏற்ற தீனியை அது தினமும் தின்றாக வேண்டும், தின்பது அங்கே இருக்கிற கெண்டைக்குஞ்சு, அயிரை, ஆரல், தவளை, முட்டை எல்லாவற்றையும்தான். ஒரு உயிரை விட்டோம் என்று நீங்கள் வீட்டுக்குப் போய்விடலாம், குளம் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் உங்கள் நண்பர்கள் செய்ததும் தவறு, என்னைக் கேட்டால் இன்னும் பெரிய தவறு. காற்றைக் குடிக்கும் மீனைக் கரையில் எறிந்தால் மற்ற மீனைப் போலச் சீக்கிரம் சாகாது, மணிக்கணக்கில் கிடக்கும். கொல்ல வேண்டும் என்று முடிவு செய்தபின் கண்ணுக்குச் சற்று மேலே, தலையில், கனமான கட்டையால் ஒரே அடி. அதற்குக் கை வரவில்லை என்றால் அந்தக் குளத்தில் தூண்டில் போடாமல் இருப்பது நல்லது. அயல் மீன் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சித்திரவதை செய்யலாம் என்று நினைக்கிற மனசு எனக்குப் பயம் தருகிறது, பாப்பா அதைப் பார்த்து அழுதது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் கவனம். நாட்டுத் தேளி என்று ஒன்று இருக்கிறது, அதே மீசை, அதே வழுக்கல் உடம்பு, நம் வயல்களிலும் குட்டைகளிலும் காலங்காலமாக இருந்தது, இப்போது பார்ப்பதே அரிது. அது இரண்டரைக் கிலோவுக்கெல்லாம் வளராது, அதனால் உங்களுக்கு மாட்டியதில் சந்தேகம் இல்லை. சின்னதாக மாட்டினால் அவசரப்படாதீர்கள். ஈரச் சாக்கில் வைத்துப் படம் எடுத்துத் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

சரி, பெரியவர் கேட்டது. அது ஒரு வாரமாக என்னையும் விடவில்லை. எனக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்தவர் என் மாமா. மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, சோளத்தட்டில் தக்கை, வாய்க்கால் மேட்டில் தோண்டிய மண்புழு, அவ்வளவுதான். அவர் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவருவார், அளவோடு. பத்து மீன் கிடைக்கிற நாளிலும் குழம்புக்கு வேண்டியது நாலு என்றால் நாலோடு சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். பிடித்து விடுவது அவருக்குப் புரிந்திருக்காது. நான் பின்னால் ராடும் ரீலும் வாங்கிப் பிடித்துவிடும் பழக்கத்துக்கு வந்தபோது, ஏதோ மாமாவைவிட ஒரு படி மேலே வந்துவிட்டதாக நினைத்தேன். அந்த நினைப்பு இப்போது என்னிடம் இல்லை. பெரியவர் சொல்வதில் பாதி உண்மை, முள் முள்தான். விட்ட மீனெல்லாம் பிழைத்தது என்று நம்மால் சொல்ல முடியாது, நீந்திப் போனதை மட்டும்தான் பார்த்தோம்.

பிழைக்க வைக்க வேண்டுமானால் அதற்கு உழைக்க வேண்டும். முள்ளின் உள்பக்கம் இருக்கும் சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றும்போது வாய் கிழியாது. கையை நனைக்காமல் மீனைத் தொடவே கூடாது, அதன் மேலிருக்கும் வழுவழுப்புதான் அதற்குத் தோல் காப்பு, காய்ந்த கையும் கரை மண்ணும் அதை உரித்துவிட்டால் பூஞ்சை பிடித்து நாலு நாள் கழித்துச் சாகும், நமக்குத் தெரியாது. மீனைக் களைப்பாக்கி விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் இழுத்துவிட வேண்டும். படம் எடுக்க அது வெளியே இருக்கும் நேரம் நாம் மூச்சை அடக்கிக்கொள்ளும் நேரத்துக்குள் இருக்கட்டும். முள்ளை விழுங்கியிருந்தால் நோண்டாமல் தூண்டில் நரம்பை வாயோரம் வெட்டி விடுங்கள். சித்திரை, வைகாசியில் குளம் பாதியாகச் சுண்டித் தண்ணீர் சுடுகிறபோது அதில் மீனுக்கு மூச்சே போதாது, அந்த இரண்டு மாதம் தூண்டிலைப் பரணில் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம் விரால். தண்ணீர் மேல் செக்கச் சிவப்பாக ஒரு குஞ்சுக்கூட்டம் கொதிக்கிற மாதிரி வந்து வந்து போகுமே, அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பக்கத்தில் எது போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் இல்லை, பிள்ளைகளைக் காக்க. அதைத் தெரிந்துகொண்டே அங்கே தூண்டில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறோமே என்பார்கள். நீங்கள் இரண்டு நிமிடம் படம் எடுக்கிற அந்த இடைவெளியில் ஜிலேபிக் கெண்டைகள் வந்து குஞ்சுகளை அள்ளிவிடும். சிவப்பைப் பார்த்தால் இடம் மாறிவிடுங்கள் தம்பி.

விடுவதே புண்ணியம் என்று நினைப்பதில் உள்ள ஆபத்தை எனக்குக் காட்டியது காவிரியின் கூன்முதுகு மஷீர். ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும் மீன், உலகத்தில் காவிரியிலும் அதில் கலக்கும் ஆறுகளிலும் மட்டுமே இருப்பது. நம் ஆறுகளுக்கும் அதற்கும் உறவு நெருக்கம். அமராவதிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாம்பாற்று மீன்களை வைத்துத்தான் விஞ்ஞானிகள் அதற்கு முதலில் பெயரிட்டார்கள், பவானிசாகரில் வந்து சேரும் மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்துத்தான் அந்தப் பெயர் இந்தக் கூன்முதுகு மீனுக்கே உரியது என்று 2018ல் உறுதி செய்தார்கள். அதே ஆண்டில் அது மிக அபாயமான நிலையில் அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. கர்நாடகத்துக் காவிரியில் மஷீருக்கென்றே தூண்டில் முகாம்கள் இருந்தன, பிடித்த மீனை எடை போட்டு, நோட்டில் எழுதி, ஆற்றிலேயே விட்டார்கள். ஆற்றில் மஷீர் பெருக வேண்டும் என்ற ஆசையில் மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஷீர் குஞ்சுகளை 1970களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பல ஆண்டு கழித்து அந்த நோட்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தால், பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, கூன்முதுகு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. ஏறியதெல்லாம் நீலத்துடுப்பு. மீனை நேசித்தவர்கள், ஒரு மீனையும் கொல்லாதவர்கள், நல்லது செய்வதாக நம்பியே விட்ட மீன் அந்த ஆற்றின் மீனுடைய இடத்தை எடுத்துக்கொண்டது. மணல் அள்ளியது, அணை கட்டியது, வெடி வைத்துப் பிடித்தது எல்லாம் சேர்ந்துதான் அந்த மீனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன, ஆனாலும் இந்த ஒன்றை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நீலத்துடுப்பும் இந்தியாவின் மீன்தான் என்பதைக் கவனியுங்கள். மீனுக்குத் தேசம் கிடையாது, ஆறுதான் எல்லை. நம் சந்தையில் கூடைகூடையாக வரும் கட்லாவும் ரோகுவும் கங்கைக்கரையின் மீன்கள். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காகவே டிரவுட் மீனைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்தார்கள், அந்த மலை ஓடைத் தண்ணீரும் குந்தா வழியாகப் பவானிக்குத்தான் வருகிறது. ஜிலேபிக் கெண்டை 1952ல் இந்தியாவுக்கு வந்தது, ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில். குஞ்சை வாயில் வைத்தே காக்கும், வருடத்தில் பலமுறை பொரிக்கும், சாக்கடைத் தண்ணீரிலும் சாகாது. எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் அம்மா வைத்த குழம்பு ஜிலேபிக் குழம்புதான், அதைத் தின்று வளர்ந்தவன் நான், அதை வெறுக்க என்னால் முடியாது. ஆனால் தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்குத் திரும்பிப் போகாது, சட்டிக்குத்தான் போகும்.

ஆக, எனக்கு வழக்கம் இது. நாட்டு மீன் என்றால் பத்திரமாக விடு, அல்லது மாமா மாதிரி அளவோடு எடு. ஜிலேபி என்றால் நல்ல தண்ணீராக இருந்தால் சமைத்துவிடு. தேளியையும், மேலெல்லாம் ஓடு மாதிரி இருக்கும் அந்த டேங்க் கிளீனர் மீனையும், சாக்கடை சேரும் குளத்தில் பிடித்த எதையும் நான் தின்ன மாட்டேன். கொன்று வீட்டுக்குக் கொண்டுபோய்த் துண்டு போட்டு, சம எடைக்கு நாட்டுச் சர்க்கரை சேர்த்து டப்பாவில் மூடி வைத்தால் ஒரு மாதத்தில் மீன் அமிலம் ஆகிவிடும், தண்ணீரில் கலந்து கத்தரிக்கும் தக்காளிக்கும் அடிக்கலாம். உங்கள் பக்கத்தில் இயற்கை விவசாயம் செய்கிற யாரைக் கேட்டாலும் பக்குவம் சொல்வார்கள். அதற்கும் வழி இல்லையா, தென்னைக்கு அடியில் குழி தோண்டிப் புதையுங்கள். கரையில் அழுக விடாதீர்கள்.

டேங்க் கிளீனர் என்றதும் ஒன்று. அது தென்னமெரிக்க மீன், கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறோம், தொட்டிக்கு மீறி வளர்ந்ததும் கொல்ல மனசு வராமல் குளத்தில் விட்டுவிடுகிறோம். அது கரையைக் குடைந்து முட்டை வைக்கிறது, அதன் முள்ளில் சிக்கி வலைகள் கிழிகின்றன, பரிசலில் போய் வலை போட்டுப் பிழைக்கிறவரின் வலை அது. பாப்பாவின் பள்ளிக்கூடத் தோழிகள் வீட்டில் மீன்தொட்டி இருந்தால், வேண்டாம் என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாம் தூண்டிலில் பத்து மீனை எடுப்பதைவிட இந்த ஒரு வேலை பெரிது.

உங்கள் நண்பர்கள் சொன்னதில் இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. தேளிதான் குளத்தைக் காலி பண்ணுகிறது என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். நான் நொய்யல் கரையில் வளர்ந்தவன். ஆரலும் உளுவையும் அங்கே அயல் மீன் தின்று தீரவில்லை. சாயத்தண்ணீர் ஓடிய ஆற்றில் என்ன மீன் இருக்கும்? 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் தண்ணீர் விடாதே என்று போராட வேண்டியிருந்தது, 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற அளவுக்கு வந்தது. நாட்டு மீன் மூச்சு விட முடியாத தண்ணீரில் ஜிலேபியும் தேளியும் விட்டுக்கொண்டிருக்கின்றன. காலியான வீட்டில்தான் அவை குடி வந்தன.

தூண்டிலை விட வேண்டாம் தம்பி. அணைகளிலும் ஏலம் விட்ட குளங்களிலும் அனுமதி கேட்டுப் போடுங்கள், மோயாறு பக்கம் புலிகள் காப்பகம், அங்கே போகவே போகாதீர்கள். ஒரு வேலை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டுக்காரப் பெரியவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், அவர் சின்ன வயதில் அந்தக் குளத்தில் என்னென்ன மீன் இருந்தது, எந்த மாதம் எது ஏறி வரும், எது எப்போதிலிருந்து காணவில்லை என்று கேளுங்கள். பாப்பா ஒரு நோட்டில் எழுதட்டும். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து நீங்கள் பிடிப்பதை எழுதட்டும், தேதி, மீன், நீளம், விட்டோமா எடுத்தோமா. அவர் சொல்லும் பெயர்களில் எனக்குத் தெரியாத மீன் ஏதாவது இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்