வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ் கார்: கேள்வி பதில்

அமெரிக்காவுக்குக் குடிவந்த நம்மவர்களில் பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள்: "பக்கத்து வீட்டு ஆபீசர் ரோந்து காரை வீட்டுக்கே ஓட்டி வந்துவிடுகிறாரே, அது சரியா?" நான் போலீஸ்காரன் இல்லை. அங்கே ஒரு சின்ன நகராட்சியின் வாகனப் பிரிவில் பதினாலு வருடம் வேலை பார்த்தவன். ரோந்து கார்களை வாங்குவதும், பட்டறைக்கு அனுப்புவதும், கடைசியில் ஏலத்துக்குத் தள்ளுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் தெருவில் ஒரு ஆபீசர் இருக்கிறார். லீவு நாளில்கூட போலீஸ் கார் அவர் வாசலில்தான் நிற்கிறது. சட்டப்படி இதற்கு அனுமதி உண்டா?

அவருடைய துறை அனுமதித்திருந்தால் உண்டு. நாடு முழுவதற்கும் பொதுவாக "கொண்டு போகலாம்" என்றோ "கூடாது" என்றோ ஒரு சட்டம் கிடையாது. அமெரிக்காவில் சுமார் 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. நகரப் போலீஸ், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப், மாநில நெடுஞ்சாலைப் போலீஸ், பல்கலைக்கழகப் போலீஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனி விதிப் புத்தகம். சில இடங்களில் தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே கார் விஷயம் எழுதப்பட்டிருக்கும். அங்கே காவல் தலைவர் நினைத்தால்கூட ஒரே நாளில் பிடுங்கிவிட முடியாது.

அதனால் பக்கத்து ஊரில் இல்லாதது உங்கள் ஊரில் இருக்கலாம். நியூயார்க் நகரில் சாதாரண ரோந்து ஆபீசர் காரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயிலேறிப் போவார். ஃபுளோரிடா நெடுஞ்சாலைப் போலீஸில் ட்ரூப்பர் (அந்த மாநிலப் போலீஸ்காரர்) வீட்டில்தான் கார் நிற்கும். நூறு மைல் சாலையைத் தனியாகப் பார்த்துக்கொள்பவருக்கு வீட்டு வாசலிலிருந்தே டூட்டி தொடங்குவதுதான் வசதி.

கேள்வி: இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது?

இதுதான் முதல் இடம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேர்போனது இண்டியானாபோலிஸ் நகரம்தான். 1969ல் அங்கே ஆபீசர்களுக்குத் தனித்தனியாகக் கார் கொடுத்து, டூட்டி இல்லாத நேரத்தில் சொந்த வேலைக்கும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். கடைக்குப் போகிற வழியிலும் போலீஸ் கார் மக்கள் கண்ணில் படும், பக்கத்தில் ஏதாவது நடந்தால் ஒரு ஆபீசர் கூடுதலாகக் கிடைப்பார் என்பது எண்ணம். மறு வருடமே அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் அதை மதிப்பிட்டு அறிக்கை போட்டது. அப்புறம் பல ஊர்கள் அதைப் பின்பற்றின.

காரைப் பார்த்தாலே திருடன் ஓடிவிடுவான் என்ற நம்பிக்கையில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. 1972, 73ல் கன்சாஸ் சிட்டியில் ஒரு சோதனை செய்தார்கள். சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள். குற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசமே தெரியவில்லை. ஓடும் காருக்கே அந்த நிலைமை என்றால், நின்றுகொண்டிருக்கும் கார் என்ன செய்துவிடும்? அந்தத் தெருக்காரர்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும், அவ்வளவுதான். அதுவும் ஒரு பலன்தான், மறுக்கவில்லை.

கேள்வி: அண்ணா, ஆளுக்கொரு கார் என்றால் வரிப்பணம் வீண்தானே? ஒரே காரை மூன்று ஷிஃப்ட் ஓட்டலாமே?

இது என் பேட்டை. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மூன்று ஷிஃப்ட் ஓடும் பொதுக் காரின் எஞ்சின் ஆறுவதே இல்லை. ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் ஏறுவார். அதைவிட மோசமானது, நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடுவது. ரேடியோ, கம்ப்யூட்டர், மேலே சுழலும் விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். அதனால் விபத்து நடந்த இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றாலும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் அப்படி நின்று ஓடினால் சுமார் 33 மைல் ஓடிய தேய்மானம் என்று ஃபோர்டு நிறுவனமே கணக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு காரின் மீட்டரில் 60,000 மைல் காட்டுகிறது, 4,000 மணி நேரம் நின்றபடி ஓடியிருக்கிறது என்று வையுங்கள். எஞ்சினைப் பொறுத்தவரை அது 1,92,000 மைல் கிழவன்.

எங்கள் இடத்தில் பொதுக் கார் மூன்று வருடம் தாங்கினால் ஆச்சரியம். ஒரே ஆள் ஓட்டிய கார் ஆறு, ஏழு வருடம்கூட வந்தது. காரணம் ஓட்டம் குறைவு என்பது மட்டும் இல்லை. பொதுக் காரில் காபி கொட்டினால் கொட்டியவர் யார் என்று கடைசி வரை தெரியாது. பிரேக் கிரீச்சிட்டால் "அடுத்த ஷிஃப்ட்காரர் சொல்வார்" என்று மூன்று பேரும் விட்டுவிடுவார்கள். தனிக் கார் வைத்திருப்பவரோ லேசாக ஒரு சத்தம் வந்தாலே என் மேசை முன்னால் வந்து நிற்பார். சில பேர் தொல்லை தாங்காது. ஆனால் அந்தத் தொல்லைதான் நகராட்சிக்கு லாபம்.

ஷிஃப்ட் மாறும் நேரமும் மிச்சம். பொதுக் காரென்றால் பை, ஹெல்மெட், துப்பாக்கி, கேமரா எல்லாவற்றையும் ஏற்றி, காரைச் சுற்றிச் சோதித்துக் கிளம்பக் கால் மணி நேரம் போகும். முடியும்போது இன்னொரு கால் மணி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அறுபது பேருக்கு இருபத்தைந்து பொதுக் கார் போதும் என்றால், தனிக் காருக்கு அறுபது வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விளக்கு, சைரன், ரேடியோ, மடிக்கணினி, பின்சீட்டுத் தடுப்பு என்று காரின் விலைக்கு மேல் பெரிய தொகை வைக்க வேண்டும். வீட்டுக்குப் போய்வரும் பெட்ரோல், இன்ஷூரன்ஸ் வேறு. மொத்தத்தில் காசு மிச்சமாகுமா என்பது ஆபீசர்கள் எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஊருக்குள்ளேயே இருந்தால் கணக்கு ஒத்துவரும். நாற்பது மைல் தள்ளி இருந்தால் "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" கதைதான்.

கேள்வி: மனைவி, குழந்தைகளை அதில் ஏற்றலாமா? மளிகைக் கடை வாசலில் போலீஸ் காரைப் பார்த்தேன், அதனால் கேட்கிறேன்.

சில துறைகள் வேலைக்குப் போய்வர மட்டும் என்று கறாராக இருக்கும். சில துறைகள் ஊர் எல்லைக்குள் சொந்த வேலைக்கு விடும். குடும்பத்தை ஏற்ற விடுபவையும் உண்டு. அதற்கு ரேடியோ போட்டே இருக்க வேண்டும், துப்பாக்கியும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும், ஒரு சொட்டு மதுவும் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடுவார்கள். அவசர அழைப்பு வந்தால் குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். மற்றபடி நீங்கள் கடை வாசலில் பார்த்தவர் டூட்டியில் இருந்திருக்கலாம். அவர்களும் சாப்பிட வேண்டுமே!

ஒரு விஷயம். ரோந்து காரின் பின்சீட் பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக். கதவும் உள்ளிருந்து திறக்காது. குழந்தையை உட்காரவைக்கிற இடமா அது?

கேள்வி: அரசாங்கக் காரைச் சொந்தப் பயணத்துக்கு ஓட்டினால் அதன் மதிப்பை வருமானத்தில் சேர்த்து வரி கட்ட வேண்டாமா? நான் கணக்காளர், ஆர்வத்தில் கேட்கிறேன்.

நல்ல கேள்வி. போலீஸ் என்று வெளியே தெளிவாக எழுதிய காருக்கு வருமான வரித்துறை விலக்குக் கொடுக்கிறது. ஆபீசர் எப்போதும் அழைப்புக்குத் தயாராக இருப்பவராக இருக்க வேண்டும். காரில்தான் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று துறையே கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். அவருடைய கைது அதிகாரம் செல்லும் எல்லைக்கு வெளியே சொந்த உபயோகம் தடை செய்யப்பட்டிருக்க வேண்டும். எழுத்து இல்லாத காருக்கும் விலக்கு உண்டு, ஆனால் ஓட்டுபவர் ஆயுதம் வைத்திருக்கவும் கைது செய்யவும் அதிகாரம் உள்ள முழுநேர அதிகாரியாக இருக்க வேண்டும். அலுவலகக் குமாஸ்தா அதே காரை வீட்டுக்கு ஓட்டிப் போனால் விலக்கு இல்லை. அவருக்குச் சில நிபந்தனைகளோடு ஒரு நடைக்கு 1.50 டாலர், போக வர 3 டாலர் என்று வருமானத்தில் சேர்ப்பார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் ரேடியோ கேட்கிறார்களே, அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

பொதுவாக இல்லை. முதலாளி கொடுத்த வாகனத்தில் வழக்கமான தூரத்துக்குள் வேலைக்குப் போய்வருவது வேலை நேரம் ஆகாது என்று 1996ல் சட்டத் திருத்தம் வந்தது. மெம்ஃபிஸ் நகர ஆபீசர்கள் வழக்குப் போட்டார்கள். 1999ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். மத்திய அரசின் காவல் அதிகாரிகள் போட்ட இன்னொரு வழக்கும் 2006ல் அதே மாதிரி முடிந்தது. வழியில் விபத்தைப் பார்த்து இறங்கி வேலை செய்தால் அது டூட்டிதான். அதற்குச் சம்பளம் உண்டு. போலீஸ் நாய் வைத்திருப்பவர் அதை வீட்டில் குளிப்பாட்டிச் சோறு போடுவதும் வேலையாகவே கணக்கு.

கேள்வி: ஐயா, என் மருமகன் அடுத்த மாதம் ஷெரிஃப் டெபுட்டியாக, அதாவது கவுண்டிப் போலீஸ்காரராகச் சேர்கிறார். வீடு வேறு கவுண்டியில். கார் கிடைக்குமா?

சேரும் முன்பே தூர வரம்பைக் கேட்கச் சொல்லுங்கள். எல்லை தாண்டிக் குடியிருப்பவருக்குச் சில இடங்களில் கார் கிடையாது. சில இடங்களில் எல்லைக்கு அருகில் ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, மிச்ச தூரம் சொந்தக் காரில் போக வேண்டும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்பவர்களும் உண்டு. 2008 கோடையில் பெட்ரோல் காலன் 4 டாலரைத் தாண்டியபோது பல நகரங்கள் இந்தப் பிடித்தத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தன. புதிதாகச் சேர்பவருக்குப் பயிற்சிக் காலம் முடிந்த பிறகுதான் சாவி.

கேள்வி: இதைத் தவறாகப் பயன்படுத்துவதே இல்லையா? எல்லாம் நல்லதாகவே சொல்கிறீர்கள்.

உண்டு. மறக்க முடியாத உதாரணம் தெற்கு ஃபுளோரிடாவில் நடந்தது. 2011 அக்டோபரில் ஒரு மாநில ட்ரூப்பர், மணிக்கு 120 மைல் வேகத்தில் பறந்த ஒரு போலீஸ் காரைத் துரத்திப் பிடித்தார். உள்ளே இருந்தவர் சீருடையில் இருந்த மயாமி ஆபீசர். டூட்டியும் இல்லை, அவசர அழைப்பும் இல்லை. பக்க வருமானத்துக்காகப் பார்க்கும் இன்னொரு வேலைக்கு நேரமாகிவிட்டதாம்.

அங்கிருந்து சன் சென்டினல் என்ற நாளிதழ் நூல் பிடித்தது. போலீஸ் கார்களிலும் சுங்கச்சாவடிக் கருவி ஒட்டியிருக்கும் அல்லவா? அந்தப் பதிவுகளைத் தகவல் உரிமையில் கேட்டு வாங்கினார்கள். இரண்டு சாவடிகளுக்கு இடையிலான தூரத்தைத் தாங்களே ஓட்டி அளந்தார்கள். கடந்த நேரத்தால் வகுத்தார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான்! 13 மாதப் பதிவில் ஏறக்குறைய 800 ஆபீசர்கள் 90 முதல் 130 மைல் வேகத்தில் போயிருப்பது வெளியே வந்தது. அதில் நிறையப் பேர் வேலை முடிந்து வீட்டுக்கோ, வீட்டிலிருந்து வேலைக்கோ போனவர்கள். பலர் மேல் துறை நடவடிக்கை வந்தது; அந்த நாளிதழுக்கு 2013ல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால், ஜிபிஎஸ் பொருத்தி அதை மாதம் ஒருமுறை யாராவது உண்மையிலேயே திறந்து பார்க்காத ஊர், ஆளுக்கொரு கார் கொடுக்கவே கூடாது.

கேள்வி: இரவில் வாசலில் நிற்கும் காருக்குள் துப்பாக்கி இருக்குமா? பயமாக இருக்கிறது.

இருக்கலாம். காரை உடைத்து ஆயுதம் திருடுவது நிஜமாகவே நடக்கிற விஷயம். ஒழுங்கான விதியில் ரைஃபிளைப் பூட்டும் தாங்கியில் வைக்க வேண்டும், அல்லது வீட்டுக்குள் எடுத்துப் போக வேண்டும் என்று இருக்கும். பல நாள் விடுமுறை என்றால் காரையே ஸ்டேஷனில் விட்டுவிட வேண்டும் என்று சில துறைகள் சொல்கின்றன. அதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் எழுத்து போட்ட வண்டிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. போலீஸ் காருக்கும் பொருந்துமா?

மாநிலத்தைப் பொறுத்தது. ஃபுளோரிடாவில் சங்கம் தடுக்க முடியாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் நோட்டீஸ் ஒட்டிவிடாதீர்கள்.

கேள்வி: எஃப்பிஐ போன்ற மத்திய அமைப்புகளில்?

அங்கே மட்டும் ஒரே சட்டம். அரசு வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது பொதுவாகத் தடை. சட்ட அமலாக்கம் போன்ற சிலவற்றுக்கு அனுமதியோடு விலக்கு. வேண்டுமென்றே சொந்த வேலைக்கு ஓட்டினால் குறைந்தது ஒரு மாதம் சம்பளமில்லாத இடைநீக்கம். அதனால்தான் அந்த ஆட்கள் கடைக்குப் போகக்கூட மனைவியின் காரைத் தேடுவார்கள்.

கேள்வி: அண்ணா, கடைசியாக ஒன்று. ஏலத்தில் பழைய போலீஸ் கார் மலிவாக வருகிறதே, வாங்கலாமா?

மைல் மீட்டரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் நின்றபடி ஓடிய மணி நேரத்தையும் காட்டும் எண்கள் இந்தக் கார்களில் இருக்கும். சாவியைப் போட்டுத் திரையில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் ஏலக்காரரிடம் பராமரிப்புக் காகிதத்தைக் கேளுங்கள். ஒரே ஆபீசர் வீட்டுக்கு ஓட்டியதா, மூன்று ஷிஃப்ட் ஓடியதா என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க ஓரத்தைத் தடவிப் பாருங்கள். இடுப்புப் பெல்ட்டோடு பலர் ஏறி இறங்கிய காரில் அந்த இடத்தில் துணி கிழிந்து பஞ்சு தெரியும். அப்படிப்பட்ட காரை நான் எனக்காக ஒருநாளும் எடுத்ததில்லை.