மணிமுத்தாறில் எடுத்த படத்தில் தெரியும் சிவப்பு

அந்தச் சிவப்பு, துருவங்கள் பக்கம் வானில் தோன்றும் துருவ ஒளி (அரோரா) இல்லை. சூரியப் புயல் அடித்த ராத்திரியில் மணிமுத்தாறு அணை மேலிருந்து வடக்கே பார்த்து எடுத்த படத்தில் அடிவானம் சிவந்திருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அங்கிருந்து வடக்கே இருப்பது அம்பாசமுத்திரம். ஊர் விளக்கு தாழ்ந்த மேகத்தில் பட்டுச் சிதறியிருக்கும்; போனின் நைட் மோடு பல நொடி வெளிச்சத்தைச் சேர்த்து நிறத்தைத் தூக்கிக் காட்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். புயல் இல்லாத இரவில் அதே இடத்தில், போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) மாற்றாமல் எடுங்கள். மேகமும் அன்று போலவே இருக்க வேண்டும். சிவப்பு திரும்ப வந்தால் விளக்குதான்.

2024 மே 10 இரவு வந்த பெரிய புயலில்கூட இந்தியாவில் சிவப்பு ஒளி பதிவானது லடாக்கின் ஹான்லேயில். அதுவும் அடிவானத்தை ஒட்டித்தான். இங்கே தெரியாததற்குக் காரணம் பூமியின் காந்தப்புலம். புயல் கிளப்பும் மின்னூட்டத் துகள்கள் அதன் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவப் பக்கம் இறங்கும்; அங்கே காற்றில் மோதும்போதுதான் ஒளி வரும். நமக்கு அருகில் காந்த நடுக்கோடே போகிறது. கோடுகள் இங்கே தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகக் கிடக்கின்றன.

ஆனால் ஒன்று: 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாய் வரை துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு உண்டு. அதனால் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், புயல் நம் ஊரைத் தொடுவதே இல்லை என்றும் எண்ண வேண்டாம். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் உள்ள புவிக்காந்த ஆய்வுக்கூடத்தின் கருவிகள் அதை நன்றாகவே உணரும். கண்ணுக்குத்தான் தெரியாது.