பழைய அளவீட்டுக் கருவிகளின் ஜிபிஐபி, ஆர்எஸ்-232 பழுதுகள்: கேள்வி பதில்

டர்பனிலும் பிற தென்னாப்பிரிக்க ஊர்களிலும் பழைய அளவீட்டுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் அன்பர்கள், அவற்றை ஜிபிஐபி, ஆர்எஸ்-232 ஆகிய இணைப்பு முறைகளால் கணினியுடன் இணைக்கும் பகுதியைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியதிலிருந்து என் பழைய வோல்ட்மீட்டர் ஜிபிஐபி வழியாகப் பதில் தருவதில்லை. முகப்பில் அளவுகள் சரியாகவே தெரிகின்றன. ஜிபிஐபி தொடர்பை நடத்தும் கன்ட்ரோலர் ஐசியை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வோல்ட்மீட்டரின் அளக்கும் பகுதி சேசிஸிலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதால், ஜிபிஐபி பகுதிக்கென்று தனி 5 வோல்ட் வழங்கல் இருப்பதுண்டு. முகப்பு ஒளிர்வதை வைத்து அதுவும் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. முதலில் அதை அளந்துவிடுங்கள். அடுத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, கருவியை இயக்கி, 24 முனை இணைப்பியில் உள்ள 16 சமிக்ஞைக் கம்பிகளையும் கிரவுண்டுக்கு எதிராக ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியும் 3 கிலோ ஓம் தடையால் 5 வோல்ட்டை நோக்கியும் 6.2 கிலோ ஓம் தடையால் கிரவுண்டை நோக்கியும் இழுக்கப்படுவதால், ஓய்ந்திருக்கும் கம்பியில் சுமார் 3.3 வோல்ட் நிற்கும். தரவுக் கம்பி ஒன்று சுழியத்தில் சிக்கிக்கொண்டால் எழுத்துகள் பிழையாக வரும். ஆனால் 6, 7, 8 ஆகிய முனைகளில் உள்ள ஹேண்ட்ஷேக் கம்பிகளுள் (எழுத்து அனுப்பப்பட்டதையும் பெறப்பட்டதையும் தெரிவிப்பவை) ஒன்று சிக்கினால் ஓர் எழுத்துகூட நகராது. 10ஆம் முனையில் உள்ள எஸ்ஆர்கியூ (கணினியின் கவனத்தைக் கேட்கும் கம்பி) மட்டும் தாழ்ந்திருந்தால் அதைப் பழுதென்று கொள்ளாதீர்கள். சில கருவிகள் இயங்கத் தொடங்கியதும் தாமாகவே அதைத் தாழ்த்தும்.

சிக்கிய கம்பியைக் கண்டபின் மின்சாரத்தை அணைத்து, அதற்கும் கிரவுண்டுக்கும் இடையிலான தடையை மற்றக் கம்பிகளோடு ஒப்பிடுங்கள். அது மட்டும் மிகக் குறைவாக இருந்தால், அதை இயக்கும் டிரைவர் ஐசியே முதல் சந்தேகத்துக்கு உரியது: தரவுக் கம்பிகளுக்கு 75160, மற்றவற்றுக்கு 75161 அல்லது 75162, அவற்றினும் பழைய கருவிகளில் எம்சி3446 அல்லது எம்சி3448. வெளியிலிருந்து வரும் அடியை இவையே முன்னின்று வாங்குவதால், பின்னால் இருக்கும் டிஎம்எஸ்9914, 8291 போன்ற கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. புதிய ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் பொருத்துங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): ஜிபிஐபி முகவரியை (கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) மாற்றினேன், கருவி இன்னும் பழைய முகவரியிலேயே பதில் தருகிறது.

பதில்: பல கருவிகள் இயக்கும்போது மட்டுமே முகவரிச் சுவிட்சுகளைப் படிக்கும்; அணைத்து மீண்டும் இயக்குங்கள். அப்போதும் மாறாவிட்டால், கடற்காற்றால் சுவிட்சுத் தொடுமுனைகள் கறுத்திருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் இட்டுப் பலமுறை மேலும் கீழும் தள்ளுங்கள்.

கேள்வி (டொங்காட்): எச்பி 3478ஏ மல்டிமீட்டருக்கு, கருவி எதுவென்று கேட்கும் *ஐடிஎன்? கட்டளையை அனுப்பினால் மௌனமாக இருக்கிறது. இணைப்புப் பகுதி போய்விட்டதா ஐயா?

பதில்: இல்லை அம்மா. அந்தக் கட்டளை 1987இல் ஜிபிஐபிக்காக வந்த ஐஇஇஇ 488.2 தரத்தைச் சேர்ந்தது. 3478ஏ அதற்கு முந்தைய வடிவமைப்பு. எஃப்1 என்று அனுப்பி நேர்மின்னழுத்த அளவுக்கு மாற்றி, பிறகு வாசித்துப் பாருங்கள். இணைப்பு வேலைசெய்வது உறுதியானதும் வேறு எதையும் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதன் அளவுத்திருத்தத் தரவு லித்தியம் பேட்டரியின் துணையால் மட்டுமே நினைவகத்தில் வாழ்கிறது. பேட்டரி தீர்ந்தால் அனைத்தும் அழிந்து, நம்பகமான மூலங்களைக் கொண்டு புதிதாக அளவுத்திருத்தம் செய்ய நேரும். அத்தரவை ஜிபிஐபி வழியாகவே படித்துக் கணினியில் சேமிக்க முடியும். தயவுசெய்து அதை இன்றே செய்துவிடுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 25 முனை ஆர்எஸ்-232 இணைப்பில் எதுவும் வரவில்லை.

பதில்: குப்பை எழுத்துகள் வந்தால் வேகத்தையும் பாரிட்டியையும் (பிழையைக் கண்டறியும் கூடுதல் பிட்) பார்க்கலாம்; எதுவுமே வராதபோது கம்பிகளையும் மின்வழங்கலையும் பார்க்க வேண்டும். ஓய்ந்திருக்கும் அனுப்பு முனையில் 7ஆம் முனைக்கு எதிராக எதிர்மறை மின்னழுத்தம் இருக்க வேண்டும். 2, 3 இரண்டிலுமே அது இல்லையென்றால், அனுப்பு முனையை இயக்கும் எம்சி1488 ஐசிக்கு +12, -12 வோல்ட்கள் வந்து சேர்கின்றனவா என்று அளங்கள். இரண்டில் ஒன்றில் எதிர்மறை மின்னழுத்தம் இருந்தால், கேபிளில் 2, 3 முனைகளை மாற்றி இணைத்துப் பாருங்கள்.

கேள்வி (லெனேசியா): ஆர்டுவினோவை (சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை) ஜிபிஐபி அடாப்டராகப் பயன்படுத்தலாமா?

பதில்: ஓரிரு கருவிகளுக்கும் குட்டையான கேபிளுக்கும் போதும். ஒரு டிரைவர் 48 மில்லிஆம்பியர் வரை உள்வாங்க வேண்டும் என்று ஜிபிஐபி தரம் கேட்கிறது. ஆர்டுவினோவின் முனைக்கு அந்த வலிமை இல்லை. கருவிகள் கூடினால் இடையே 75160, 75161 இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.