ஒரே கண்ணு, மூணு கோடு: எது சரி டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. ரெண்டு வருஷமா வலது கண்ணுல தண்ணி வடியுது. போன மாசம் மூக்கை ஒட்டி செவந்து வீங்கி, தொடவே விடல. மாத்திரைல வீக்கம் வடிஞ்சிருச்சு, இப்ப ஆபரேஷன் பண்ணணுமாம். நோய்க்குப் போடற கோடு (code) முதல் பேப்பர்ல எச்04.321 (H04.321), அடுத்ததுல எச்04.411, ஆபரேஷன் பேப்பர்ல எச்04.551. இன்ஷூரன்ஸ்ல ஏன் மாறுதுன்னு கேக்கறாங்க. டாக்டர் மாத்தி மாத்தி சொல்றாரா?

பதில்: இல்லங்க, மூணுமே சரியாத்தான் இருக்கு. கோடுங்கறது அன்னைக்கு கண்ணுல என்ன இருந்துச்சோ அதுக்குப் போடறது, அம்மாவுக்கு ஆயுசுக்கும் ஒட்டற லேபிள் இல்ல.

கண் இமையோட மூக்கோர முனைல, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஊசிமுனை அளவு ரெண்டு ஓட்டை இருக்கும், கண்ணாடில இமையை லேசா இழுத்துப் பாத்தா உங்களுக்கே தெரியும். கண்ணீர் அது வழியா கண்ணீர்ப்பைக்குப் போயி, அங்கேருந்து குழாய் வழியா மூக்குக்குள்ள இறங்குது, அழுதா மூக்கு ஒழுகறது அதனாலதான். அந்தக் குழாய் அடைச்சா கண்ணீர் பையிலேயே தேங்கும், தேங்கின தண்ணில கிருமி வளரும், ஒரு நாள் திடீர்னு சீழ் பிடிச்சு வீங்கும். உங்க அம்மாவுக்கு நடந்தது இதேதான், ரெண்டு வருஷமா அடைப்பு, போன மாசம் அதுமேல தீவிர அழற்சி.

இப்ப கோடைப் பாருங்க. எச்04.3 வரிசை தீவிர அழற்சிக்கும், தீவிரமா நாள்பட்டதான்னு எழுதாம விட்டதுக்கும், எச்04.4 நாள்பட்டதுக்கு, எச்04.5 அடைப்புக்கு. கடைசி எண் எந்தப் பக்கம்னு சொல்லும்: 1 வலது, 2 இடது, 3 ரெண்டு கண்ணும், 9 போட்டிருந்தா பக்கம் எழுதாம விட்டுட்டாங்கன்னு அர்த்தம். உங்க மூணு பேப்பரும் 1ல முடியுது பாருங்க, அதுதான் முக்கியம், ஒண்ணுல 2 வந்திருந்தா நானே உடனே போய் கேளுங்கன்னு சொல்லியிருப்பேன். இந்த ஆறு எழுத்துக் கோடு, ஐசிடிங்கற சர்வதேச நோய்ப் பட்டியலோட அமெரிக்க வடிவமான ஐசிடி-10-சிஎம்ல இருக்கறது, உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10ல எச்04.3, எச்04.4ன்னு அதோட நின்னுரும், அதனால எங்கயாவது சின்னதா போட்டிருந்தா தப்புன்னு சண்டைக்குப் போயிராதீங்க.

கோடு போடறவர் அம்மாவைப் பாக்கறதில்ல, டாக்டர் எழுதினதைத்தான் பாக்கறாரு. டாக்டர் வெறுமனே டாக்ரியோசிஸ்டைட்டிஸ்னு, அதாவது கண்ணீர்ப்பை அழற்சின்னு மட்டும் கிறுக்கிட்டுப் போனா எச்04.309தான் வரும், தீவிரமா நாள்பட்டதா, வலதா இடதா எதுவும் இருக்காது. நானும் ஆரம்பத்துல அப்படி எழுதி ஃபைல் திரும்பி வந்து வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். வெளிநோயாளி சீட்டுல 'சந்தேகம்'னு எழுதினாலும் அந்த நோயோட கோடைப் போடக்கூடாது, கண்ணுல தண்ணி வடியுதுங்கற அறிகுறிக்கான எச்04.2 வரிசைதான்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேணாம், விரல் போதும். நாள்பட்ட கேஸ்ல கண் முனைக்குக் கீழ, மூக்கு எலும்போரமா மெதுவா அழுத்தினா அந்த சின்ன ஓட்டை வழியா மஞ்சளா கொழகொழன்னு வரும், பாத்தவுடனே தெரிஞ்சிரும். அப்புறம் சிரிஞ்சிங், கீழ் ஓட்டைல மழுங்கின ஊசி வெச்சு சலைன் விடுவோம், தொண்டைல உப்புக் கரிச்சா பாதை திறந்திருக்கு, மேல் ஓட்டை வழியா கொழகொழப்போட திரும்பினா பைக்குக் கீழ அடைப்பு. ஆனா செவந்து வீங்கி இருக்கறப்ப சிரிஞ்சிங் பண்ணக்கூடாது, நீங்களும் அமுக்கி சீழ் எடுக்கறேன்னு இறங்கக்கூடாது, அங்க வெதுவெதுப்பா ஒத்தடமும் ஆன்டிபயாடிக்கும்தான் வைத்தியம். வீக்கம் வடிஞ்சப்புறம் டிசிஆர் ஆபரேஷன், கண்ணீர்ப்பைலேருந்து மூக்குக்கு நேரா புது வழி போடறது, 1904ல டோட்டிங்கற இத்தாலி டாக்டர் முதல்ல எழுதினது, இன்னிக்கும் அடிப்படை அதேதான். அம்மாவுக்கு நிக்கற அடைப்பு மருந்துல திறக்காது, அதனால தள்ளிப்போடாதீங்க.

பேர்க் குழப்பம் இன்னொண்ணு இருக்கு. மேல் இமையோட வெளி ஓரம், அதாவது காது பக்கம் வீங்கினா அது கண்ணீர்ச் சுரப்பி, எச்04.0, பேரு டாக்ரியோஅடினைட்டிஸ், ரெண்டையும் மாத்தி எழுதின சீட்டு நான் பாத்திருக்கேன். பொறந்த சிசுவுக்கு கண்ணீர்ப்பை அழற்சி வந்தா அது எச்லயே வராது, பி39.1 (P39.1).

ஒண்ணு மட்டும் பயந்துக்கோங்க: ஆபரேஷனுக்கு முன்னாடி திரும்ப வீங்கி, கண்ணு வெளிய தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை உருட்ட வலிச்சாலோ, காய்ச்சல் அடிச்சாலோ அன்னிக்கே ஓடுங்க, அது கண்குழிக்குள்ள பரவியிருக்கலாம். வீக்கம் கண் முனைக்கு மேல ஏறினாலோ கண்ணீர்ல ரத்தம் வந்தாலோ கட்டி இருக்கான்னு பாக்க ஸ்கேன் கேளுங்க.

இன்ஷூரன்ஸுக்கு, "வலது குழாய் அடைப்பு, அதனால நாள்பட்ட அழற்சி, இடைல ஒரு முறை தீவிரமாகி மருந்துல அடங்கியது"ன்னு தேதியோட டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி, மூணு பேப்பரையும் அதே வரிசைல பின் பண்ணிக் குடுங்க.