ஒரு வீட்டில் களவு போன பிறகு தெரு முதலில் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: எங்கள் தெருவில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு வீடுகளில் பகல் நேரத்தில் களவு போயிருக்கிறது. இரண்டாவது களவுக்குப் பிறகு காவல் நிலையத்திலிருந்து வந்து கூட்டம் நடத்தி, வீட்டுப் பாதுகாப்பு பற்றிய துண்டறிக்கை ஒன்றையும் கொடுத்துச் சென்றார்கள். பூட்டு, விளக்கு, கேமரா, எச்சரிக்கை மணி, அண்டை வீட்டார் கண்காணிப்பு என்று இருபதுக்கும் மேற்பட்ட அறிவுரைகள் அதில் உள்ளன. குடியிருப்போர் சங்கத்தில் இருக்கும் பணமோ குறைவு. தெரு முனையில் கேமரா வைக்கலாம் என்று சிலரும், இளைஞர்களைச் சேர்த்து இரவு ரோந்து போகலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: துண்டறிக்கையில் இருக்கும் அறிவுரைகள் தவறானவை அல்ல. ஆனால் அவை எல்லா வீடுகளுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுதப்பட்டவை. எதை முதலில் செய்வது, எந்த வீட்டில் செய்வது என்பதை அவை சொல்வதில்லை. உங்கள் தெருவின் இன்றைய நிலைக்கு அந்த இரண்டும்தான் முக்கியம். இருக்கும் பணத்தையும் ஆள் உழைப்பையும் களவு போன அந்த இரண்டு வீடுகளிலும், அவற்றை ஒட்டிய நான்கைந்து வீடுகளிலும் இந்த வாரமே செலவிடுங்கள் என்பதுதான் என் பதில். கேமராவும் தெரு விளக்கும் அதற்கு அடுத்த கட்டத்தில் வரட்டும்.

ஒரு முறை திருடிய வீட்டுக்குத் திருடன் மறுபடி வர மாட்டான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. களவு கொடுத்த குடும்பமே பல நேரங்களில் அந்த நம்பிக்கையில்தான் ஆறுதல் தேடிக்கொள்கிறது. ஆனால் பல நாடுகளில் காவல் துறைப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. களவு போகாத வீட்டைவிடக் களவு போன வீட்டுக்கே மீண்டும் களவு போகும் வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பு முதல் சில வாரங்களில் உச்சத்தில் இருந்து, பிறகு படிப்படியாகக் குறைகிறது. திருடனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் வியப்பு ஏதும் இல்லை. எந்தச் சன்னல் நெம்பினால் திறக்கும், பின்கட்டுக்கு வழி எது, வீட்டார் எப்போது புறப்பட்டு எப்போது திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவன் ஏற்கெனவே பாடுபட்டுத் தெரிந்துகொண்டவை. முதல் முறை தூக்கிச் செல்ல முடியாமல் விட்டுப்போன பொருளும் அவன் நினைவில் இருக்கும். போன பொருளுக்குப் பதிலாக வீட்டார் புதிதாக வாங்கி வைப்பார்கள் என்பதும் தெரியும். அவனே வராவிட்டாலும், கூட்டாளி ஒருவனுக்குச் சொல்லிவிடலாம்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் இதே கணக்கு ஓரளவு பொருந்துகிறது. இங்கிலாந்தில் லிவர்பூலைச் சுற்றியுள்ள மெர்சிசைடு பகுதியின் களவுகளை ஆராய்ந்தபோது, ஒரு வீட்டில் களவு நடந்தால் அதிலிருந்து சுமார் 400 மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஏறத்தாழ இரண்டு மாத காலம் ஆபத்து கூடியிருப்பதும், தெருவில் அதே வரிசையில் இருக்கும் வீடுகளுக்கு அது இன்னும் அதிகமாக இருப்பதும் தெரிந்தன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஆய்வில், ஒரே அமைப்பில் கட்டப்பட்ட வீடுகள் நிறைந்த பகுதிகளில்தான் இந்தத் தொற்று மிகுதியாகக் காணப்பட்டது. ஒரே ஒப்பந்தக்காரர் ஒரே வரைபடத்தில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றின் பின்கதவைத் திறக்கக் கற்றவன், மற்றவற்றின் பின்கதவையும் கற்றுக்கொண்டவனே. உங்கள் தெருவில் பத்து நாளில் இரண்டாவது வீடு போனது இந்த வகையில் சேருமா, வெறும் தற்செயலா என்பதை இங்கிருந்து உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் முன்னெச்சரிக்கைக்கு அது முந்தைய வகைதான் என்று எடுத்துக்கொள்வதே சரி.

இந்த அறிவை வைத்து ஒரு குடியிருப்பையே மீட்ட முயற்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் ஏறத்தாழ 2,280 வீடுகள் இருந்தன. 1980களின் நடுவில் அங்கே ஓராண்டில் நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்ற அளவில் களவு நடந்துகொண்டிருந்தது. எல்லா வீடுகளையும் பலப்படுத்தப் பணம் இல்லை. ஆகவே, காவல் துறையும் சமூகப் பணியாளர்களும் களவு போன வீடுகளை மட்டும் தேடிச் சென்றார்கள். காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் மீட்டர்கள் அந்த வீடுகளில் இருந்தன. மீட்டருக்குள் சில்லறை சேர்ந்திருக்கும் என்பது ஊரறிந்த செய்தியாதலால், திருட வந்தவர்கள் முதலில் உடைத்தது அதைத்தான். அந்த மீட்டர்கள் அகற்றப்பட்டன. உடைந்த வழி எதுவோ அது பலப்படுத்தப்பட்டது. களவு போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரிடம் மட்டும், இந்த ஒரு வீட்டின் மேல் கண் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஐந்தே மாதங்களில் களவு முந்தைய அளவில் 40 சதவீதமாகக் குறைந்தது. மூன்றாண்டுகளில் நான்கில் ஒரு பங்காயிற்று. தெரு முழுவதையும் கண்காணியுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னால் அது யாருடைய பொறுப்பும் ஆகாமல் போய்விடும். ஆறு பேரிடம் ஒரு வீட்டை ஒப்படைத்தால் அது நடக்கும்.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். விசாரணை அதிகாரியிடம் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: இரு வீடுகளிலும் உள்ளே நுழைந்த வழி எது, எந்த நேரத்துக்குள் நடந்திருக்கும், என்ன வகைப் பொருள் எடுக்கப்பட்டது. குடும்பத்தின் அந்தரங்கமோ புலனாய்வின் நுட்பமோ வெளிப்படாமல் இவற்றைச் சொல்ல முடியும். பெரும்பாலான அதிகாரிகள் தயங்காமல் சொல்லவும் செய்வார்கள். இரண்டிலும் பின்கதவு என்றால் அதே வரிசையின் பின்கதவுகள், சமையலறைச் சன்னல் என்றால் சமையலறைச் சன்னல்கள். அந்த ஒரு வழியை எல்லா வீடுகளிலும் அடைப்பது, ஒரே வீட்டின் எல்லா வழிகளையும் அடைப்பதைவிட இப்போது பயனுள்ளது.

களவு போன வீட்டில் கதவைச் சரிசெய்யும்போது வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பிளந்த கதவு நிலைச்சட்டத்தில் சக்கை வைத்து அடைத்து, அதே இடத்தில் அதே பூட்டை மறுபடி பொருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பூட்டின் விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம்; உதைக்கும்போது உடைவது பெரும்பாலும் பூட்டே அல்ல. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகட்டை நிலையில் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்றைக் கழற்றினால், பல வீடுகளில் அது சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்தான் இருக்கும். மரத்தின் மேல்தோலை மட்டும் அது கவ்வியிருக்கும். நல்ல கனமான தகடாகப் போட்டு, நிலையைத் தாண்டிச் சுவரையே பிடிக்கும்படி 75 மில்லிமீட்டர் அளவுள்ள திருகாணிகளை இறக்கினால், செலவு சொற்பம், வித்தியாசம் பெரிது. கதவின் உடல் பகுதி உள்ளீடற்ற பலகையாக இருந்தால் மட்டும் இந்த வேலை வீண். அங்கே முதலில் கதவைத்தான் மாற்ற வேண்டும். கீல்கள் வெளிப்பக்கம் தெரிகிற கதவாக இருந்தால், கீலின் ஊசியைத் தட்டி எடுக்க முடியாதபடி செய்யவும் தச்சரிடம் சொல்லுங்கள்.

வெளியே நாதாங்கியில் தொங்கும் பூட்டைப் பற்றியும் ஒரு சொல். அது எவ்வளவு கனமானதாக இருந்தாலும், வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவில் போகிற எவருக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கும். அதோடு, பூட்டைத் தொடாமலே நாதாங்கியை நெம்பி எடுத்துவிடலாம். கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டில் இந்த இரண்டு குறைகளும் இல்லை. சன்னல் கம்பிச் சட்டங்களில் வெளியிலிருந்து திருப்பக்கூடிய திருகாணிகள் இருந்தால், தலையைத் தேய்த்துவிடுங்கள் அல்லது பற்றவைத்துவிடுங்கள். ஆனால் பயத்தில் வீடு முழுவதையும் கம்பியால் அடைத்துவிடாதீர்கள்; தீ பிடித்தால் வெளியேற, படுக்கையறைப் பக்கம் உள்ளிருந்து திறக்கக்கூடிய ஒரு சட்டமாவது இருக்க வேண்டும், அதன் சாவி எங்கே என்பது குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். களவின்போது சாவிக்கொத்து ஏதும் காணாமல் போயிருந்தால், அன்றைக்கே பூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்து, அந்த ஆறு வீட்டார் வட்டம். களவு போன வீட்டுக்கு இரு பக்கமும், எதிரிலும், பின்புறமும் இருப்பவர்களில் பகலில் வீட்டில் இருக்கக்கூடிய ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஓய்வு பெற்றவர்களும், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். அவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்த வீட்டார் வெளியே போகும் நேரத்தை ஒருவருக்காவது தெரிவிக்க வேண்டும். வாசலில் கிடக்கும் செய்தித்தாளையும் விளம்பரத் தாள்களையும் எடுத்து வைக்க வேண்டும். கண்ணாடி உடையும் சத்தமோ நெம்பும் சத்தமோ கேட்டால் எட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வலுத்தால் காவல் துறைக்குப் பேச வேண்டும். பேசும்போது இடத்தை முதலில் சொல்லுங்கள், பாதியில் இணைப்பு அறுந்தாலும் ஆள் வருவார்கள். பிறகு என்ன நடக்கிறது என்பதையும், ஆள் எத்தனை பேர், எந்தத் திசையில் போகிறார்கள், வண்டி எண் என்ன என்பதையும் சொல்லுங்கள். உடை கழற்றி மாற்றக்கூடியது. செருப்பு, நடை, உயரம் அப்படியல்ல என்பதால் இவற்றைக் கவனித்துச் சொன்னால் பயன் அதிகம். குறுக்கே போய் மறிப்பதோ துரத்துவதோ வேண்டாம். தப்பிக்க வழி தேடுபவன் கையில் இருக்கும் கம்பி, கதவை நெம்ப மட்டுமே என்று உறுதி சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் குழுவை இந்த வட்டத்துக்குள் அடக்கி வைப்பது நல்லது. இருநூறு பேர் இருக்கும் குழுவில், நடந்து போன ஒரு பொருள் விற்பவரின் படம் ‘சந்தேக நபர்’ என்று ஏறி, மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றிவிடும். செயலை விவரிக்காமல் ஆளின் தோற்றத்தை மட்டும் விவரிக்கும் செய்தி எதையும் முன்னனுப்ப வேண்டாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்: ‘மூன்று வீட்டுக் கதவுகளைத் தள்ளிப் பார்த்தார்’ என்பது தகவல், ‘ஆள் பார்க்கச் சரியில்லை’ என்பது தகவல் அல்ல. அதேபோல், ‘நாங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லை’ என்று பெரிய குழுவில் அறிவிப்பதும் வேண்டாம்.

இரவு ரோந்தை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் தெருவில் இரண்டும் பகலில் நடந்திருக்க, இளைஞர்கள் இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவது நோக்கத்துக்கே எதிரானது. கேமரா பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வாகன நிறுத்துமிடங்களில்தான் அதன் பலன் மிகுதி என்றும், யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவே வெறுமனே பதிவு செய்யும் கேமராவைவிட மேல் என்றும் கண்டிருக்கிறார்கள். தெரு முனைக் கேமரா உங்களுக்குத் தரப்போவது பெரும்பாலும் களவுக்குப் பிந்தைய ஒரு மங்கலான படத்தையே. தெரு விளக்குகளைச் சீராக்குவது அதைவிட உறுதியான முதலீடு. எச்சரிக்கை மணியைப் பொறுத்தவரை, பிரிட்டனில் நடந்த விரிவான ஆய்வுகளில், அது மட்டும் தனியாக இருந்த வீடுகளைவிட, சன்னல் பூட்டு, உறுதியான கதவுப் பூட்டு, உள்விளக்கு, வெளிவிளக்கு ஆகியவை சேர்ந்து இருந்த வீடுகளே நன்றாகத் தப்பின.

‘நம் தெருவை அடைத்தால் திருடன் அடுத்த தெருவுக்குப் போவான், அவ்வளவுதானே’ என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளின் கதவும் சன்னலும் எளிதில் உடைக்க முடியாதவையாக இருக்க வேண்டும் என்று கட்டட விதி வந்தது. அப்படிக் கட்டிய வீடுகளில் களவு நான்கில் ஒரு பங்கு குறைந்ததை ஆய்ந்தவர்கள், அந்தக் களவு அருகிலிருந்த பழைய வீடுகளுக்கு நகர்ந்ததற்கான அடையாளம் எதையும் காணவில்லை.

செலவில்லாத ஒரு வேலையை மாலை நேரத்தில் எல்லா வீட்டாரும் செய்துவிடலாம். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணையும், மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் தொடர் எண்களையும், நகைகளின் படங்களையும் எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஓரிடத்தில், உறவினரின் மின்னஞ்சலிலாவது, சேர்த்து வையுங்கள். பிடிபட்ட பொருள் உங்களுடையதுதான் என்று காட்ட ஆதாரம் இல்லாவிட்டால், அதைத் திரும்பப் பெறுவதும் குற்றவாளியின் மேல் வழக்கை நிலைநிறுத்துவதும் கடினமாகிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குக் காலக்கெடுவும் வைத்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் விழிப்பாக இருங்கள் என்றால் மூன்றாம் வாரத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். இரண்டாவது களவு நடந்த நாளிலிருந்து இரண்டு மாதம் என்று நாள் குறித்தால் தாங்குவார்கள். அதுவரை சேமித்த பணத்தைப் பிறகு விளக்குக்குச் செலவிடலாம். இடையில் மூன்றாவது வீடு ஒன்று போய்விட்டால், வட்டத்தை அந்த வீட்டைச் சுற்றி மறுபடி வரைந்து, இரண்டு மாதக் கணக்கையும் அன்றிலிருந்து தொடங்குங்கள்.