தலை கிடைக்காவிட்டால் என்ன?

டைனோசர் என்றாலே பல்லையும் மண்டையோட்டையும் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கழுத்துக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியவை. எனக்குச் சந்தோஷம்தான்.

கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கும் டைனோசருக்கு அசல் தலையே கிடைக்கவில்லையாமே? பிறகு எப்படிப் புது விலங்கு என்று பெயர் வைத்தார்கள்?

உண்மைதான். அது பாராபாசாரஸ். இன்றைய தெலங்கானாவின் கோட்டா பாறையடுக்கில் 1960 வாக்கில் தோண்டியெடுத்தார்கள். ஏறக்குறைய 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. சில பற்கள் உண்டு, மண்டையோடு ஒன்றுகூட இல்லை. 1975ல் பெயர் வைத்தபோது ஆதார மாதிரியாக, அதாவது புது இனத்தை அடையாளம் காட்டும் எலும்பாகக் கொண்டது, இடுப்பு நடுவில் முதுகுத்தண்டின் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் திரிக எலும்பை. பெயரும் காலைப் பார்த்து வைத்ததுதான். 'பரா பா' என்றால் வங்காளியில் பெரிய கால். தொடையெலும்பு மட்டுமே 1.7 மீட்டர்!

இந்த வகை நீள்கழுத்து விலங்குகளுக்குத் தலை சிறியது, எலும்பு மெல்லியது, கழுத்தோடு பிடிமானமும் குறைவு. செத்த உடல் வெள்ளத்தில் அடித்துப் போனால் முதலில் கழன்று தொலைவது தலைதான். முள்ளெலும்போ தன் கதையைத் தானே சொல்லும். அடுத்த முறை கோழிக்குழம்பில் கழுத்துத்துண்டு வந்தால் சப்பிவிட்டு உற்றுப் பாருங்கள். முன்முகம் குதிரைச் சேணம்போல வளைந்திருக்கும். கழுத்தை எந்தப் பக்கமும் திருப்ப அந்த வளைவுதான் உதவுகிறது. பக்கவாட்டில் நரம்பும் ரத்தக்குழாயும் போகும் துளைகள் இருக்கும். டைனோசர் முள்ளெலும்பிலும் இப்படித்தான் தேடுகிறோம்: மூட்டின் வடிவம், தசை பிடித்த தழும்பு, மூச்சுக்காற்று நிரம்பும் காற்றுப்பை குடியிருந்த குழி.

ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தெலும்பு ஒரே எண்ணிக்கையா?

ஆமாம், ஏழு. பாலூட்டிகளில் மரத்தில் தொங்கும் ஸ்லாத்தும், கடற்பசு வகையான மனாட்டியும்தான் விலக்கு. ஊர்வனவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எலாஸ்மோசாரஸ் என்ற கடல் ஊர்வனவுக்குக் கழுத்தில் மட்டும் 70க்கு மேல். அவ்வளவு நீளக் கழுத்தை வால் என்று நினைத்து, அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் கோப் தலையை வால்நுனியில் ஒட்டிப் படம் போட்டுவிட்டார். பிழை தெரிந்ததும் அச்சான பிரதிகளைத் திரும்ப வாங்க அலைந்தாராம். முள்ளெலும்பை முன்பின் பார்த்து அடுக்காவிட்டால் இப்படித்தான்.

அரியலூர் பக்கம் உலகத்திலேயே பெரிய டைனோசர் கிடைத்தது என்கிறார்களே, அந்த எலும்பு எங்கே?

எங்கும் இல்லை. அதுதான் வருத்தம். கள்ளமேட்டில் கிடைத்ததை 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் இருவரும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, இரண்டு மீட்டர் நீளக் காலெலும்பு, வால் முள்ளெலும்பு என்று கொஞ்சம்தான். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகுதான் தாவர உண்ணி என்று ஒத்துக்கொண்டார்கள். மண்ணிலேயே நைந்து போயிருந்த எலும்பு, பிளாஸ்டர் கட்டுப் போட்டும் உள்ளுக்குள்ளேயே பொடியாகிவிட்டது. மிஞ்சியவை வரைபடங்களும் களத்தில் எடுத்த படங்களும்தான். எடை எவ்வளவு என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு போடுகிறார்கள். எலும்பு கையில் இல்லாதபோது 'உலகிலேயே பெரியது' என்று பலகை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மிகப் பெரியது, அவ்வளவுதான்.

எலும்பைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?

முடியும், அறுத்தால். விலா எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தைப்போல வளையங்கள் தெரியும். ஷிகாகோவில் இருக்கும் 'சூ' என்ற டைரனோசாரஸ் சாகும்போது அதற்கு வயது 28 என்பது அப்படி எண்ணியதுதான். பெரிய காலெலும்புகளில் உள்ளே மஜ்ஜைக்குழி விரிய விரிய, இளமைக்கால வளையங்கள் அழிந்துபோகும். அதனால்தான் பலர் விலா எலும்பை நாடுகிறோம்.

சுண்ணாம்புக்கல் சுரங்கக் கழிவில் உருண்டையாக ஒன்று கிடைத்தது. முள்ளெலும்பா, முட்டையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. கடல் வண்டலில் கனிமம் திரண்டு உருண்டையான கல்லாக இருக்கும், அல்லது அம்மோனைட் எனும் கடல் உயிரியின் ஓடு. உடைந்த பக்கத்தைப் பாருங்கள். எலும்பென்றால் பஞ்சுபோல நுண்துளைகள் இருக்கும். நாக்கால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று களத்தில் ஒரு சோதனை உண்டு; சில களிமண்ணும் ஒட்டும் என்பதால் முழுதாக நம்பாதீர்கள். இன்னும் மண்ணுக்குள் இருந்தால் பிடுங்காமல், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் குறித்து அனுப்புங்கள். நாக்கு வைத்த பிறகு என்றால், துடைத்துவிட்டு.